முக்கழியில் நின்ற எருது

அந்தக் காலத்தில், எருதும் மனிதரும் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்தபோது, இன்று பிரெஞ்சு நாடு என்று நாம் சொல்லும் மண்ணில் ஒரு பிரபுவின் பண்ணை இருந்தது. பண்ணை நடுவே ஒரு மைதானம். அங்கே மூன்று கழிகளை நட்டு, உச்சியில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உழுது முடிக்காதவனை அந்த முக்கழியில் கட்டி வதைப்பார்கள். அலறல் ஆற்றுக்கு அப்பாலும் கேட்கும். அப்படி வதைப்பதற்கென்றே அந்த ஊரில் ஒரு சொல் இருந்தது. குழந்தைகள் காதுபட அதை யாரும் சொல்வதில்லை.

ஒரு நாள் அவித்தா என்பவளின் கணவன் மார்சல் பாதி வயல்தான் உழுதிருந்தான். எருது செவலையின் குளம்பு கல்லில் பட்டுப் பிளந்துவிட்டது. மணியக்காரன் மார்சலைப் பிடித்துக் கொட்டடியில் அடைத்தான். "உச்சிப்பொழுதில் முக்கழி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான்.

அவித்தா செவலையை ஓட்டிக்கொண்டு கொல்லன் ஓடோவிடம் வந்தாள்.

"அண்ணா, இதற்கு லாடம் அடித்துக் கொடு. மிச்ச வயலை நானே உழுதுவிடுகிறேன்."

"எப்படியம்மா அடிப்பது? ஒரு காலைத் தூக்கினால் எருது நிற்குமா? கீழே தள்ளிப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். ஒரு வீட்டுக் கதவாவது திறந்திருக்கிறதா, பார்."

முக்கழி நாள் என்றால் ஊரே பயந்து தாழிட்டுக்கொள்ளும்; ஒன்றும் திறந்திருக்கவில்லை. அவித்தாவின் பார்வை மைதானத்துக்குப் போனது.

"கட்டி நிறுத்த அங்கே மரம் இருக்கிறதே, அண்ணா."

ஓடோவின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. "உனக்கென்ன பித்தா?"

"நான் வரமாட்டேன்" என்றது செவலை. "அதில் ரத்த வாடை அடிக்கிறது."

"எனக்கும்தான் அடிக்கிறது. உனக்கு வைக்கோல் போட்டவன் ரத்தமும் அதில் காய வேண்டுமா?"

செவலை தலையைத் தொங்கப் போட்டது. "சரி, வா. என் கால் நடுங்கியதை மட்டும் மற்ற மாடுகளிடம் சொல்லிவிடாதே."

"என் பல் கிட்டிப்போனதை நீ சொல்லாமல் இரு."

செவலையைக் கழிகளுக்கு நடுவே நிறுத்தி, வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்துக் கட்டினார்கள். ஓடோ ஒரு காலைத் தூக்கி ஆணியை வைத்தான். அப்போது மார்சலை இழுத்துக்கொண்டு மணியக்காரன் வந்துவிட்டான்.

"முக்கழி மாட்டுக்கா? அவிழ்த்து விடு!"

செவலைதான் பேசியது.

"ஐயா, ஆணி பாதி இறங்கியிருக்கிறது. இப்போது அவிழ்த்தால் விழுந்து என் கால் முறியும். நான் பிரபுவின் எருது. மார்சல் போனால் அவருக்கு வேறு ஆள் உண்டு. நான் போனால் அவர் யாரைக் கேட்பார்?"

மணியக்காரன் முகம் வெளுத்தது. ஓர் எருதின் கொம்பை உடைத்ததற்காகத்தான் முந்தைய மணியக்காரனை இதே கழியில் கட்டினார்கள்.

"முடியட்டும்" என்று அவன் ஒரு கல்லில் உட்கார்ந்தான். "அப்புறம் கழி காலியாகும் அல்லவா?"

சுத்தியல் விழும் ஒவ்வோர் அடியும் அவித்தாவின் நெஞ்சில் விழுந்தது. சட்டென்று அவள் தெருவுக்கு ஓடி, கதவு கதவாகத் தட்டினாள்.

"உங்கள் மாட்டை ஓட்டி வாருங்கள்! கழி காலியாக இருந்தால் இன்று மார்சல், நாளை நீங்கள்!"

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒரு தாழ்ப்பாள் விலகியது. செவலை வெளியே வருவதற்குள் இன்னொரு எருது கழிகளுக்குள் தலையை நீட்டியது. அதன் பின்னால் வேறொன்று. ஊரார் ஓட்டினாலும் எல்லாம் பிரபுவின் எருதுகள். மணியக்காரனால் எதையும் தொட முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அவித்தா மிச்ச வயலை உழுது முடித்தாள். மார்சலின் கட்டை அவிழ்ப்பதைத் தவிர மணியக்காரனுக்கு வேறு வழியில்லை.

ஆனால் கல்லில் உட்கார்ந்தவன் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். கழி காலியாகட்டும் என்று காத்திருந்தான். அதனால் ஊரார் விடியும்போதே மாட்டை ஓட்டிக்கொண்டு முக்கழிக்குப் போனார்கள். லாடம் அடித்தார்கள், உழுதார்கள், திரும்ப வந்தார்கள். "எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று கேட்டால், வதைப்பதற்கு இருந்த அந்தப் பழைய சொல்லையே குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள்.

அன்று முதல்தான் பிரெஞ்சுக்காரர்கள் வேலை செய்வதையும் அந்தச் சொல்லால் 'த்ரவாயே' என்கிறார்கள். காய்கிற மரம் கோணி வளைந்தாலும், ஒரு கவலை உள்ளே கிடந்து குடைந்தாலும், அதே சொல்லைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.