பதின்மூன்றாவது ஊர்

ஆவாரங்காட்டு மடத்தின் தலைவி வடிவாம்பாள் அம்மை. துறவுக்கு முன் பிரசவ டாக்டராக இருந்தவர். மடத்தின் இலவச ஆஸ்பத்திரியில் இன்றும் அவரே வைத்தியம் பார்க்கிறார்.

அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அவரைவிடப் பதினைந்து வயது அதிகம். தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிவிட்டு, மன அமைதி வேண்டும் என்று வந்தவர். அம்மை அவருக்குத் தியானம் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு எழுதச் சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் குறைந்ததும் அம்மை வாசலுக்கு வந்தார்.

“பச்சைச் சேலையில் ஒரு நிறைமாதப் பெண் நின்றாரே, எங்கே?”

“அனுப்பிவிட்டேன் அம்மா. ஒடிசாக்காரி. செங்கல் சூளையில் வேலை. ரேஷன் கார்டு இல்லை, விலாசம் இல்லை. சுற்றுவட்டாரப் பன்னிரண்டு ஊருக்குத்தானே நம் ஆஸ்பத்திரி?”

“ஆமாம். உடம்புக்கு என்னவாம்?”

“என்னவோ சொன்னாள். பாஷை புரியவில்லை.”

“பெயர்?”

பரஞ்சோதி சீட்டுக் கட்டைப் புரட்டினார். பிறகு மூடினார்.

“கேட்கவில்லை.”

அம்மை கோபப்படவில்லை. “இந்த வெயிலில் இத்தனை தூரம் சும்மா நடந்து வந்திருக்க மாட்டார். போய் அழைத்து வாருங்கள். அதுவரை சீட்டு நான் எழுதுகிறேன்” என்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பரஞ்சோதி குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். முதல் சூளையின் மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

“ஒடிசாப் பொண்ணா? முப்பது பேர் இருக்காங்க. பேர் என்ன?”

“தெரியாது.”

“எந்தக் குடிசை?”

“தெரியாது.”

“பேரும் தெரியாது, குடிசையும் தெரியாது. நான் யாரைன்னு கூப்பிடுறது பெரியவரே?”

அதே குரலில்தான் பரஞ்சோதி காலையில் ரேஷன் கார்டும் விலாசமும் கேட்டிருந்தார். அடுத்த சூளைக்கு நடந்தார்.

இரண்டாவது சூளையில் அவர் மேஸ்திரியிடம் போகவில்லை. கல் சுமந்த பெண்களிடம் போனார். அங்கிருந்த செடியைக் காட்டிப் பச்சை என்றார். சேலையைக் கட்டுவதுபோலச் செய்தார். வயிற்றின் முன் கைகளை வளைத்துக் காட்டினார். பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிப்பை நிறுத்தினாள்.

“ஜெமாமணி?”

அவள் கல்லை இறக்கினாள். குடிசைப் பக்கம் கைகாட்டி, இல்லை என்று தலையசைத்தாள். ஜெமாமணி இன்னும் திரும்பவில்லை. அந்தப் பெண் வாய்க்கால் குறுக்குவழியில் முன்னால் ஓட, பரஞ்சோதி பின்னால் ஓடினார். ஓடி எத்தனையோ வருஷமாயிற்று.

வாய்க்கால் கரையில், ஒரு வாகை மரத்தடியில், தலையைப் பிடித்துக்கொண்டு ஜெமாமணி உட்கார்ந்திருந்தாள். கால்கள் இரண்டும் உருண்டு வீங்கியிருந்தன. பரஞ்சோதி எதிரே நின்றும் அவள் நிமிரவில்லை.

“அம்மா” என்றார்.

குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மரத்தைப் பற்றி அவசரமாக எழுந்தாள். கண் எங்கோ பார்த்தது.

“போறேன் அய்யா. போறேன்.” அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

பரஞ்சோதி குடையை அவள் தலைக்குமேல் பிடித்தார்.

“போகாதே தாயி. டாக்டர் கூப்பிடுறாங்க. வா.”

செங்கல் ஏற்றிவந்த டிராக்டரை நடுரோட்டில் நின்று மறித்தார். டிரைவர் பக்கத்தில் அவளை உட்காரவைத்து, அவரும் அவள் தோழியும் கல்லின்மேல் ஏறிக்கொண்டார்கள்.

அம்மை இரத்த அழுத்தம் பார்த்த கையோடு ஊசியை எடுத்தார். “அழுத்தம் எகிறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும்” என்று நர்ஸிடம் சொன்னது, கதவுக்கு வெளியே நின்றவருக்கும் கேட்டது.

மூன்று மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, தொண்டை பலம். ஜெமாமணிக்குப் பார்வை தெளிந்துகொண்டிருந்தது.

அம்மை கை கழுவிக்கொண்டு வெளியே வந்தார். பரஞ்சோதி அங்கேயே நின்றிருந்தார்.

“அம்மா, ஒன்று கேட்கலாமா?”

“கேளுங்கள்.”

“ஜெமாமணியைச் சேர்த்துக்கொண்டது தெரிந்தால், அவரைப்போல முந்நூறு பேர் அந்தச் சூளைகளில் இருக்கிறார்கள். எல்லோரும் வருவார்களே?”

“வருவார்கள்.”

“பன்னிரண்டு ஊருக்கு என்று வாங்கிவைத்த மருந்து.”

“குறைந்தால் இன்னும் கேட்டு வாங்குவோம்.”

“விதி?”

“நாளைக் காலை மடத்துச் சபை கூடுகிறது. சூளைகளைப் பதின்மூன்றாவது ஊராகச் சேர்க்கப்போகிறோம்.”

“சபையில் யார் பேசுவது?”

“நீங்கள்தான். அங்கே போய் வந்தவர் நீங்கள் ஒருவர்தானே?”

தாலுகா ஆபீஸ் பழக்கம் பரஞ்சோதியை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை.

“அதையும் தாண்டி, நமக்கு யாரென்றே தெரியாதவர்கள் வந்து நின்றால்?”

“வரட்டும்” என்றார் அம்மை. “நாம் தேடிப் போகிற வேலை மிச்சம்.”