வாலில் கட்டிய கடிகாரம்

அந்தக் காலத்தில் பறவைகளும் மிருகங்களும் பேசிக்கொண்டு மட்டும் திரியவில்லை, கடிகாரமும் கட்டிக்கொண்டு திரிந்தன. எல்லாம் சூரியன் கொடுத்தது. மழை நாளில் மேகம் மூடிக்கொண்டால் தன்னைத் தேடி யாரும் அலையக் கூடாது என்று ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்தான். எறும்புக்குக் கடுகளவு, எருமைக்குத் தட்டளவு. சாவி கொடுக்கும் வேலை கிடையாது. கட்டிய இடம் அசைய அசைய ஓடும். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் அதுவும் தூங்கிப்போகும். மறுபடி அசைத்தால் விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். இடையில் போன நேரத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

எங்கே கட்டிக்கொள்ள வேண்டும் என்று சூரியன் சொல்லவில்லை. அதைச் சொல்ல நாரையார் இருந்தார்.

நாரையார் அங்கிருந்த ஓர் ஏரியின் நேரக் கண்காணிப்பாளர். யார் நியமித்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கழுத்து நீளம், குரல் கனம், அது போதுமானதாக இருந்தது. "கடிகாரம் இடது காலிலேயே கட்டப்பட வேண்டும். முகப்பு உட்புறம் பார்த்திருக்க வேண்டும். கட்டிய காலை வீணாக ஆட்டலாகாது. அடிக்கடி நேரம் பார்ப்பது அவசரக்காரரின் லட்சணம். அடுத்தவர் கடிகாரத்தை எட்டிப் பார்ப்பது அதனினும் இழிவு" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். துக்க வீட்டில் கடிகாரத்தை இறகால் மூடிக்கொள்ள வேண்டும், கல்யாண வீட்டில் கழற்றியே வைத்துவிட வேண்டும், பட்டை அலகின் நிறத்தில் இருக்க வேண்டும் என்று இன்னும் என்னென்னவோ. பட்டை விஷயத்தில் கிளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. பாம்பு ஒருமுறை, "ஐயா, இதுல என்னோட இடது கால் எதுங்க?" என்று பணிவாகக் கேட்டது. "அதை நீர்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்" என்றார் நாரையார்.

ஏன் இடது கால், ஏன் உட்புறம் என்று யாரும் கேட்டதில்லை. மரபு என்று ஒரு வார்த்தை இருந்தது. அதைச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும்.

ஏரி மதகுக்குக் கீழே, கால்வாய்ச் சுவரில் கல் பெயர்ந்து விழுந்த ஒரு பொந்து. அதில் தவ்வி என்றொரு குருவி குடியிருந்தாள். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நீள வால். நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவள். ஊர்க் குரலெல்லாம் அவள் தொண்டையில் இருந்தது. தவளை மாதிரி பேசுவாள், தவளையின் மாமியார் மாதிரியும் பேசுவாள். ஒருநாள் காலை புதருக்குள் ஒளிந்துகொண்டு நாரையார் குரலில், "மதகு திறக்கப்படலாம்" என்றாள். மதகுப் பலகை தள்ளும் எருமையக்கா பாதித் தூக்கத்தில் எழுந்து வந்து தள்ளிவிட்டாள். கீழே கால்வாயில் குளித்துக்கொண்டிருந்த நிஜ நாரையார் மூன்று வயல் தாண்டித்தான் கரையேறினார். அன்றிலிருந்து எருமையக்கா குரலை நம்புவதில்லை. நாரையாரின் அலகு அசைகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எதையும் செய்வாள்.

அந்தத் தவ்விக்கு நான்கு முட்டை. தாயாகிவிட்டால் அடங்கிவிடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் அடங்கத்தான் பார்த்தாள், கடிகாரம்தான் விடவில்லை. இடது காலை மடக்கி அடைகாத்து உட்கார்ந்தால் அது தூங்கிப்போகும். எழுந்து பார்த்தால் எட்டு மணி என்று காட்டும், வெளியே உச்சி வெயில் அடிக்கும். ஆகவே ஒருநாள் அதை அவிழ்த்து வாலில் கட்டிக்கொண்டாள். உட்கார்ந்தபடியே ஞாபகம் வரும்போதெல்லாம் வாலை ஓர் ஆட்டு ஆட்டினால் போதும், ஓடும்.

நாரையார் வந்து பார்த்தார். பொந்துக்கு வெளியே வால் நீட்டிக்கொண்டிருக்க, அதில் கடிகாரம் வெட்கமில்லாமல் வெளிப்புறம் பார்த்து மின்னியது.

"ஏம்மா, இது என்ன?"

"மணி எட்டரைங்கய்யா."

"நான் நேரம் கேட்கவில்லை. முறை கேட்டேன். கழற்று."

தவ்வி அவர் குரலிலேயே, "தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்றாள். பொந்துக்குள் முட்டைகள்கூடச் சிரித்திருக்கும். நாரையார் சிரிக்கவில்லை.

குஞ்சு பொரித்து, இறகு முளைக்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் இடைவிடாத மழை. ஏரி விளிம்பு வரை ததும்பியது. கரை தாங்காது, முழு மதகையும் திறந்தாக வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். திறந்தால் கால்வாய் சுவர் உச்சி வரை நிறைந்து ஓடும். அங்கே குடியிருப்பவர்கள் காலி செய்ய அவகாசம் வேண்டும். "நாளை நண்பகல் பன்னிரண்டு" என்று நாரையார் அறிவித்தார். தவ்வி இரவு முழுக்கக் குஞ்சுகளின் இறகைக் கோதிக் கோதிப் பார்த்தாள். விடிந்து வெதுவெதுப்பு ஏறி, இறகு விறைக்க வேண்டும். பன்னிரண்டுக்குள் பறந்துவிடும். பதினொன்றுக்கு முன்னால் சத்தியமாக முடியாது.

காலையில் மழை விட்டிருந்தது, வானம் மட்டும் வெளுக்கவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே சாம்பல், நிழல் என்று எதுவும் இல்லை. தவ்வி வாலைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு. பொந்துக்குள் போனாள், வெளியே வந்தாள், வாலைப் பார்த்தாள். எட்டே ஐந்து. கணவனைக் கரைமேல் ஆவாரம் புதரில் நிறுத்தி, "குஞ்சுங்க வந்தா அங்கேயே புடிச்சு வை, கீழ வராத" என்று சொல்லிவிட்டு வந்தாள். எட்டே முக்கால். முதல் குஞ்சு இறக்கையை விரித்து இரண்டு முறை அடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. ஒன்பதே கால். பக்கத்து வளை நண்டு மூட்டை முடிச்சோடு பக்கவாட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தவன், "தங்கச்சி, செத்த உக்காரேன்" என்றான். அவள் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள்.

பத்து மணிக்கு நாரையார் தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் முந்தின நாள் கூட்டம் முடிந்த கையோடு மதகின் பக்கத்தில் வந்து நின்றவர். வலது காலை ஊன்றி, இடது காலை மடக்கி வயிற்று இறகுக்குள் சொருகி, கழுத்தை இழுத்துக்கொண்டு நின்றார். கலங்கல் தண்ணீரில் மீன் தெரியாததால் அசைய வேண்டிய அவசியம் வரவில்லை. அடிக்கடி நேரம் பார்ப்பது அவசரக்காரரின் லட்சணம் என்பதால் பார்க்கவும் இல்லை. இப்போது முதல்முறையாக, மடக்கிய காலை அசைக்காமல் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அலகு எல்லோருக்கும் தெரியும்படி நிமிர்ந்தார்.

"மணி பன்னிரண்டு. மதகு திறக்கப்படலாம்."

எருமையக்கா பலகையில் நெற்றியை வைத்தாள்.

தவ்வி பறந்து வந்து பலகையின் மேலேயே உட்கார்ந்தாள். "அக்கா, தள்ளாத. மணி பத்துதான் ஆச்சு. என் புள்ளைங்க நாலும் உள்ள இருக்கு."

"ஐயா பன்னெண்டுங்கிறாரே."

"என் வாலைப் பாரு. பத்து."

எருமையக்கா வாலைப் பார்த்தாள். பிறகு நாரையாரைப் பார்த்தாள்.

"முறையாகக் கட்டப்படாத கடிகாரம் காட்டும் நேரம், நேரமே அல்ல" என்றார் நாரையார். "இன்று வாலில் கட்டியவளின் பேச்சைக் கேட்டால், நாளை மூக்கில் கட்டியவன் வருவான். தள்ளு."

"போன தடவை இவ பேச்சைக் கேட்டுத்தானே உங்களை வயல்ல மிதக்க விட்டேன்" என்று எருமையக்கா முனகிக்கொண்டே நெற்றியை அழுத்தினாள். பலகை கிறீச்சிட்டது. அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் பீறிட்டு, பொந்துக்கு நேர் கீழே நுரைத்துக்கொண்டு ஓடியது. உள்ளே நான்கு குரலும் ஒன்றாக அலறின.

தவ்விக்கு எத்தனையோ குரல் தெரியும். அந்த நேரத்தில் ஒன்றுகூட உதவாது என்பதும் தெரிந்தது. சூரியன் குரலில் பேசினால்கூட இவர்கள் அலகு எங்கே என்று தேடுவார்கள்.

"ஐயா," என்றாள், "உங்க கடிகாரத்துல பன்னெண்டே ஒண்ணு எப்ப ஆகும்?"

"ஆகும்போது ஆகும்."

"அதைத்தான் பாக்கலாம்னு சொல்றேன். அக்கா, நீ பெருமூச்சு விட்டு அம்பது எண்ணு. அவருது நகர்ந்தா தள்ளிடு. நான் பேச மாட்டேன்."

எருமையக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் நாரையாரின் கடிகாரம் இறகுக்குள்ளே, உட்புறம் பார்த்து இருந்தது. எட்டிப் பார்ப்பதோ இழிவு. யாரும் நகரவில்லை. அப்போது மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நண்டு பக்கவாட்டிலேயே போய் நாரையாரின் வயிற்றுக்கு அடியில் நின்றான். அவனுக்குக் கண் காம்பின் மேல் இருக்கிறது. எட்டிப் பார்க்காமலேயே எல்லாம் தெரியும்.

எருமையக்கா ஐம்பது மூச்சு விட்டாள். தவ்வியின் வாலில் பத்தே எட்டு ஆனது.

"பன்னெண்டேதான் நிக்குது" என்றான் நண்டு அடியிலிருந்து. "ஐயா, இது நேத்து மத்தியானத்துப் பன்னெண்டு."

நாரையார் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

"கண்ணியமான நேரம் நிற்கும். அலையாது" என்றார்.

"அப்ப இந்த இடது காலு, உட்புறம் எல்லாம் எதுக்குங்கய்யா?" நண்டு விடவில்லை. "நீங்க நிக்கிறது வலது கால்ல. மடக்கி வெச்சுக்கிறது இடது கால். நனையாம, குளிராம கடிகாரம் வயித்துக்குள்ள பத்திரமா இருக்கும். உங்க வசதிக்குப் போட்ட கணக்கை ஊரே கட்டிக்கிட்டு அழுவுதா? எனக்கு எட்டு காலு. நாலு இடது காலுல எதுல கட்டுறதுன்னு எங்கப்பன் கவலைப்பட்டே செத்தான்."

யாரோ சிரித்தார்கள். நாரையாரின் கழுத்து இறகு சிலிர்த்து நின்றது. தோற்றுப்போவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

"சரி. அவளுடைய கடிகாரம் ஓடுவதாகவே இருக்கட்டும்" என்றார். "அது அவள் ஆட்டுவதால் ஓடுகிறது. ஆட்ட மறந்தால் அதுவும் நிற்கும். நின்றது தெரியாமல் பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் கரை உடையும், ஊரே போகும். ஆகவே இவள் எங்கள் கண்ணெதிரே இந்தப் பலகை மேல் நிற்கட்டும். வால் ஆடிக்கொண்டே இருக்கட்டும். ஒரு நொடி நின்றாலும் என் பன்னிரண்டுதான் பன்னிரண்டு. சம்மதமா?"

எருமையக்கா தவ்வியைப் பார்த்தாள். "பாப்பா, ரெண்டு மணி நேரம் ஆகும். முடியுமா?"

தவ்வி ஏற்கெனவே ஆட்ட ஆரம்பித்திருந்தாள்.

மேலும் கீழும், மேலும் கீழும். பத்தரை வரை விளையாட்டாக இருந்தது. பதினொன்றுக்கு வாலின் அடியில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. பொந்து எதிர்ச் சுவரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பறந்து போய் ஒரு தள்ளு தள்ள முடியாது. நின்ற இடத்திலிருந்தே கத்தினாள். முதல் குஞ்சு தாவி, தடுமாறி, ஆவாரம் புதருக்குப் போய்ச் சேர்ந்தது. பதினொன்றரைக்கு இரண்டாவது. மூன்றாவது அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனது போலப் பின்னாலேயே போயிற்று. கடைக்குட்டி மட்டும் பொந்து வாசலில் நின்று கீழே நுரையைப் பார்த்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

தவ்வி வல்லூறு மாதிரிக் கீச்சிட்டாள். பயந்து வெளியே வரட்டும்.

"அம்மா, அது நீதானே" என்றது உள்ளேயிருந்து.

அப்பா குரலில் செல்லமாகக் கூப்பிட்டாள். "அப்பா மேல இருக்காரு, எனக்குக் கேக்குது." நாரையார் குரலில் உடனடியாக வெளியேறும்படி ஆணை போட்டாள். உள்ளே கெக்கெக்கே என்று சிரிப்பு. நாரையார் பக்கத்தில் நிற்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. தவளை, தவளையின் மாமியார், மைனா, எருமையக்கா, எல்லாம் தீர்ந்துபோயின. பதினொன்று ஐம்பத்தைந்து. வால் ஒரு பக்கமாக இழுத்தது. எருமையக்கா மெதுவாக நெற்றியைப் பலகைக்குக் கொண்டு வந்தாள், வேறு வழியில்லாமல்.

கடைசியில் தவ்வி யார் குரலும் இல்லாமல் பேசினாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது. சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பு.

"வால் ரொம்ப வலிக்குதுடா. இதுக்கு மேல ஆட்ட முடியும்னு தோணல."

உள்ளே சிரிப்பு நின்றது.

"நிஜமாவா?"

"நிஜமா."

கடைக்குட்டி வெளியே வந்தது. எட்டிப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. இலை விழுகிற மாதிரி சுழன்று விழுந்து, நுரை காலை நனைத்த பிறகு இறக்கை ஞாபகம் வந்து, அடித்து அடித்து மேலேறிப் புதருக்குள் விழுந்தது.

"பன்னெண்டு" என்றாள் தவ்வி.

எருமையக்கா நாரையாரின் அலகைப் பார்க்கவில்லை. ஒரே தள்ளு. தவ்வி எழும்பிப் பறக்க, தண்ணீர் இடிபோல இறங்கிப் பொந்தை ஒரே விழுங்கில் மூடிற்று.

அதற்குப் பிறகு ஏரியில் கடிகாரம் கட்டும் முறைகள் எல்லாம் பிய்ந்துபோயின. நண்டு முதுகில் கட்டிக்கொண்டான், பாம்பு கழுத்தில் மாட்டிக்கொண்டது, கிளிகள் சிவப்புப் பட்டையை ஏரியில் எறிந்தன. வானம் இடிந்து விழவில்லை. நாரையார் மட்டும் மாறவில்லை. பின்னொரு காலத்தில் அந்தக் கரைக்கு வந்த மனிதர்கள், அவர் நிற்கும் தோரணையைப் பார்த்து மயங்கி, விவரம் விசாரிக்காமல் இடது பக்கமே கட்டிக்கொண்டார்கள். மனிதர்களுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் பழக்கம் இல்லை என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

பறவைகளின் கடிகாரங்கள் காலப்போக்கில் பட்டை இற்று எங்கெங்கோ விழுந்து தொலைந்தன. தவ்வியுடையதும்தான். ஆனால் அன்று தண்ணீர் இறங்கிய அமளியில், போதும், இனி நிறுத்திக்கொள்ளலாம் என்று அவளிடம் ஒருவரும் சொல்லவில்லை. எருமையக்கா மறந்துவிட்டாள். நாரையாருக்குச் சொல்ல வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை.

அன்று பிடித்துத்தான் வாலாட்டிக் குருவி நடந்தாலும், நின்றாலும், கல்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வாலை மட்டும் நிறுத்துவதே இல்லை.