இரண்டு தளங்களில் ஒரு பாலம்

வெள்ளாங்கரைத் தொகுதியில் குடைக் கட்சிக்கும் சாவிக் கட்சிக்கும் எப்போதும் ஆகாது. ஆனால் இரண்டுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுத்தவள் ஒருத்திதான். பேருந்து நிலையத்து மாடியில் கடை வைத்திருந்த பொற்கொடி. அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் கிடையாது. "ஒருத்தர் சங்கதி இன்னொருத்தர் காதுக்குப் போகாது" என்று இரு தரப்புக்கும் சொல்லித்தான் வேலையை ஏற்றாள். வேட்பாளர் படம், கூட்டம் நடக்கும் இடம், தொண்டர்கள் பெயர் பதியும் பக்கம், வாக்குறுதிகள் என்று இரண்டு தளங்களும் போட்டி போட்டு வளர்ந்தன.

குடைக் கட்சி வேட்பாளர் தமயந்தி, ஓய்வுபெற்ற செவிலியர். மழை வந்தால் உப்போடைத் தரைப்பாலம் மூழ்கி, அக்கரை ஊர்கள் துண்டாகிவிடும். ஒருமுறை பிரசவ வலியோடு வந்த பெண் ஒருத்தி, வெள்ளம் வடியக் காத்திருந்து, கரையிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தாள். அன்று உடனிருந்த தமயந்தி, "இங்க ஒரு உயர்பாலம் வராம நான் ஓய மாட்டேன்" என்று அக்கரைக்காரர்களிடம் சொன்னார். அப்போது அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. பிறகு பொறியாளர் ஒருவரை அழைத்துவந்து மண்ணைச் சோதித்தார். பழைய இடத்தில் பாலம் நிற்காது, சற்று மேற்கே பாறை இருக்கும் இடத்தில்தான் நிற்கும் என்று தெரிந்தது. வேட்பாளரானதும், முதல் பொதுக்கூட்டத்தன்று வெளியிடும்படி பாலம் கட்டித் தருவதாக வாக்களிக்கும் பக்கத்தைப் பொற்கொடியிடம் தந்தார். பாறை இருக்கும் இடத்தைக் குறித்துப் பொறியாளர் தந்த வரைபடத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

பொற்கொடி கைதவறி அந்தப் பக்கத்தைச் சாவிக் கட்சித் தளத்தில் ஏற்றிவிட்டாள். அவள் கவனிப்பதற்குள் அக்கரைக் கைப்பேசிகளிலெல்லாம் அது பரவிவிட்டது. சாவிக் கட்சி வேட்பாளர் பெரியநாயகத்தின் வாசலில் ஆட்கள் மாலையோடு நின்றார்கள்.

"அண்ணாச்சி, அது உங்க பக்கம் இல்ல. என் தப்பு. எடுத்துடறேன்" என்றாள் பொற்கொடி தொலைபேசியில்.

"எடுக்காதம்மா. எடுத்தா, சொன்ன சொல்லை மாத்திட்டான்னு பேசுவாங்க. நீ பேசாம இரு, உன் பேரும் கெடாது."

தமயந்தியோ, "நான் சொன்னா வயித்தெரிச்சல்னு நினைப்பாங்க. சொல்ல வேண்டியவ நீ" என்றார்.

பொற்கொடி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். வாயை மூடிக்கொண்டால் பிழைப்பு நிலைக்கும். கடைசியில் பக்கத்தை எடுத்தாள். அது குடைக் கட்சி வேட்பாளருடையது, தவறு தன்னுடையது என்று தன் பெயரிலேயே அறிவிப்புப் போட்டாள். சாவிக் கட்சி வேலையைப் பிடுங்கிக்கொண்டது. குடைக் கட்சியும் நம்பிக்கையில்லாமல் வெளியூரில் ஆள் பார்த்தது.

அந்த அறிவிப்பைக் காட்டிப் பெரியநாயகம் நழுவியிருக்கலாம். அவர் நழுவவில்லை. "தளத்துல யார் எழுதினா என்ன? இப்ப நான் வாயால சொல்றேன், பாலம் வரும்" என்று மேடையில் சொன்னார். அக்கரை ஓட்டில் ஜெயித்தார்.

சொன்னபடியே பாலத்துக்கு அனுமதியும் வாங்கினார். ஆனால் அதிகாரிகள் பழைய இடத்திலேயே அளந்து கல் நட்டார்கள். தமயந்தி வரைபடத்தை எடுத்துக்கொண்டு பெரியநாயகத்தைப் பார்க்கக் கிளம்பினார்.

"அடுத்த தேர்தலையும் நம்ம கையாலயே அவருக்குத் தூக்கிக் குடுக்கறீங்களா? பாலம் விழட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் கட்சிக்காரர்கள் வழிமறித்தார்கள்.

"விழும்போது அது மேல யாரு இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு அவர் நடந்தார்.

பெரியநாயகம் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, நட்ட கல்லைப் பிடுங்கச் சொன்னார். பாறைமேல் பாலம் எழுந்தது. திறப்பு விழாவில் தமயந்தியின் பெயரை அவர் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் தமயந்திக்குக் குடைக் கட்சி வாய்ப்பும் தரவில்லை.

பிழைப்பு போனாலும் உண்மையைச் சொன்னாள் பொற்கொடி. அடுத்தவர் வாக்குறுதியைத் தன்னுடையதாக்கி நிறைவேற்றினார் பெரியநாயகம். தன் கட்சியை மீறி எதிரிக்கு உதவினார் தமயந்தி. மூவரில் யார் செய்தது மேலானது?

விடை: தமயந்தி செய்ததே. பொற்கொடி தன் தவறைத் தானே திருத்தினாள். அது அவள் கடமை. பெரியநாயகம் வாய்விட்டுச் சொல்லி ஓட்டு வாங்கினார். பாலம் கட்டியது அந்த ஓட்டுக்கு ஈடு. தோற்றவரிடம் போய் வாக்குறுதி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத வாக்கைக் காப்பாற்றியவர் தமயந்தி ஒருவரே.