எழுத்தாளர் வீட்டைப் பழையபடி ஆக்கியது

கொழுந்தூரில் ஒரு பெரிய எழுத்தாளரின் வீடு இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து அறுபது வருஷம் ஆகியும், வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க இன்னும் ஆட்கள் வருகிறார்கள். அதைக் கவனிக்கப் புதிதாக மூன்று பேரைப் போட்டார்கள். மூன்று பேர் மூளையையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணாது. மாசாணம் மட்டும் பத்தாவது வரை போய் நின்றவன். அதனால் அவன் தலைவன். தலைவன் என்றால் தப்பை முதலில் செய்கிறவன் என்று அவனுக்கே தெரியும்.

"சாயங்காலம் எழுத்தாளரோட மக வர்றாங்க," என்றார் மேனேஜர். "அவங்களுக்குப் பிடிச்சாத்தான் உங்க வேலை நிலைக்கும். அவர் இருந்தப்போ எப்படி இருந்துதோ, எல்லாம் அப்படியே இருக்கணும்." சொல்லிவிட்டு டவுனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

மாசாணத்துக்கு இந்த வேலையும் போனால் மறுபடி செங்கல் சூளைதான். கூடத்திலிருந்த பழைய போட்டோவைக் கழற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினான். போட்டோவில் மாமரம் எழுத்தாளரின் இடுப்பளவு இருந்தது. இங்கேயோ மாடியைத் தாண்டி நின்றது.

"நாம கவனிக்காம விட்டதுல வளந்துட்டுல்லா," என்றான்.

"முந்தாநாள்தானண்ணே வேலைக்கு வந்தோம்," என்றான் இசக்கியப்பன்.

"ரெண்டு நாள்ல இவ்வளவுன்னா சாயங்காலத்துக்குள்ள எங்க போய் நிக்கும்? அருவாள எடுல."

இடுப்பளவுக்கு வெட்டினார்கள். மரம் சாய்ந்ததில் சுற்றுச்சுவர் போயிற்று. மூவரும் பதறிப்போய்ப் போட்டோவைப் பார்த்தார்கள். அதிலும் சுவர் இல்லை. நிம்மதியாக டீ குடித்தார்கள்.

"செம்பருத்தி செவப்பா இருக்கேண்ணே," என்றான் உச்சிமகாளி. "போட்டோவுல செவப்பே கிடையாது."

பூவுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள். இலைக்குக் கரி பூசினார்கள்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே வந்து நின்ற காரிலிருந்து கம்பு ஊன்றி ஒரு அம்மா இறங்கினார். "நான் அவரோட மகப்பா. எல்லாம் அப்பா இருந்தப்போ இருந்தபடியே இருக்கா?"

"ஒண்ணு மட்டும் மாறியிருக்கும்மா," என்றான் மாசாணம். "நீங்கதான். அப்போ உங்களுக்கு என்ன வயசு?"

"ஏழு இருக்கும்."

மூவரும் ஒதுங்கிப் போய் யோசித்தார்கள்.

"இவங்கள இடுப்பளவுக்கு வெட்ட முடியாதே," என்றான் இசக்கியப்பன்.

"சுண்ணாம்பும் வேண்டாம். தலை ஏற்கெனவே வெள்ளைதான்," என்றான் உச்சிமகாளி.

வேலை கையை விட்டுப் போகிறதே என்று மாசாணத்துக்கு வியர்த்தது. அப்போதுதான் வாசல் போர்டு கண்ணில் பட்டது. 'பெரியவர் துணையில்லாமல் சிறுவர்களுக்கு அனுமதி இல்லை.'

அவன் கேட்டை இழுத்துச் சாத்தினான். கம்பிக்கு நடுவே குனிந்து அன்பாகச் சொன்னான்:

"அழக் கூடாது பாப்பா. போய் அப்பாவக் கூட்டிட்டு வா, உள்ள விடுதோம்."