கயிறு சாமியான தொழிற்சாலை

ஜப்பானில் ஒரு கார் கம்பெனி இருந்தது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பெயரே இந்தக் கதையில் ஒரு ஆளாக நடமாடப்போகிறது. எழுத்தில் வேறு போட்டுவிட்டால் அதைக் கையில் பிடிக்க முடியாது.

கம்பெனி தொடங்கியபோது கார் செய்யவில்லை. கிணற்றுக்குக் கைப்பம்பு செய்தது. பம்பு நன்றாக விற்றதும் முதலாளிக்கு ஆசை வந்து ஒரு லாரி செய்தார். அது மேட்டைக் கண்டால் நின்றுவிடும். பிறகு ஒரு கார் செய்தார். முதல் வருஷம் விற்ற கார்களில் பாதியைத் தள்ளிக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஊர் சிரித்தது. முதலாளி இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தவர் ஒரு காரியம் செய்தார். பம்பு வந்ததால் வேலையில்லாமல் மூலையில் சுருண்டு கிடந்த கிணற்றுக் கயிற்றை எடுத்து, கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் வரிசைக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கட்டினார். தப்பு என்று யார் கண்ணில் பட்டாலும் கயிற்றை இழுக்கலாம். தரை கூட்டுகிறவர் இழுத்தாலும் வரிசை நின்றுவிடும். இழுத்தவரை யாரும் திட்டக்கூடாது. முதலில் நன்றி சொல்ல வேண்டும், அப்புறம்தான் என்ன ஏது என்று கேட்க வேண்டும்.

முதல் நாள் கயிற்றை அறுபது தடவை இழுத்தார்கள். கயிற்றுக்கு உடம்பெல்லாம் வலி. ஆனால் அதற்குப் பிறகு வெளியே போன கார்கள் திரும்பி வரவில்லை. ஓடின, ஓடின, பிள்ளைகள் வளர்ந்து ஓட்டுகிற வரைக்கும் ஓடின. அப்போதுதான் பெயர் பிறந்தது. ஆகவே முறைப்படி பார்த்தால் கயிறு அண்ணன், பெயர் தம்பி.

கம்பெனி எங்கே புதுத் தொழிற்சாலை திறந்தாலும் தாய்க் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி அனுப்புவார்கள். அதோடு புதுக் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் திறந்த தொழிற்சாலைக்கும் அப்படி ஒரு கயிறு வந்து சேர்ந்தது. வந்த புதிதில் நம் ஆட்களுக்கு அதைத் தொடவே கூச்சம். வேலையை நிறுத்தினால் பாராட்டுவார்கள் என்பதை யார்தான் நம்புவார்கள்? மயிலத்துக்காரர் மாசிலாமணிதான் முதலில் இழுத்தார். டயர் மாட்டும் இடத்தில் அவருக்கு வேலை. அவரைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள். கயிற்றுக்கு அந்த மனிதர் மேல் தனிப் பிரியம்.

பெயருக்குத் தொழிற்சாலையில் இருப்புக் கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர் சுற்றக் கிளம்பிவிடும். வண்டி வைத்திருப்பவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக்கேட்பதில் அதற்கு அப்படி ஒரு ருசி. விழுப்புரத்தில் ஒரு டாக்ஸி டிரைவர், ஆயிலை மட்டும் மாற்று, மற்றதை அந்த வண்டியே பார்த்துக்கொள்ளும் என்று டீக்கடையில் சத்தியம் செய்தார். புதுச்சேரியில் ஒரு டாக்டரம்மா, காரை விற்க மாட்டேன், மகள் கல்யாணத்துக்குச் சீராகத் தருவேன் என்றார். செஞ்சியில் ஒரு தரகர், மாப்பிள்ளையின் படிப்பைச் சொல்லுமுன் அவர் வைத்திருக்கும் காரைச் சொன்னார். எல்லாவற்றையும் திங்கட்கிழமை காலையில் கயிற்றிடம் வந்து ஒப்பிக்கும்.

"அந்த டாக்ஸி எந்த வருசத்து வண்டி?" என்று கயிறு ஒரு தடவை கேட்டது.

"ரெண்டாயிரத்துப் பதினாறு. ஏன் கேக்குற?"

"அந்த வருசம் என்னை ஒரு நாளைக்கு முப்பது வாட்டி இழுத்தாங்க."

பெயருக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டது.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், துளை போடும் மெஷின், டிராலி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பொரி கடலை கொடுத்தார்கள். மாசிலாமணி ஏணி போட்டு ஏறி, கயிற்றை ஈரத் துணியால் துடைத்து, அடிக்கு ஒரு பொட்டு வைத்து, சாமந்தி மாலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். கீழே இறங்கி ஒரு கும்பிடும் போட்டார். நமக்குச் சோறு போடுகிற கயிறு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். கயிற்றுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அதற்கு யாரும் பூ வைத்ததில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மறுநாள் வேலை தொடங்கியது. கதவு பூட்டும் இடத்தில் இருந்த செந்தாமரை, ஒரு கதவின் ரப்பர் பிதுங்கி நிற்பதைப் பார்த்தாள். வழக்கம்போல் கை மேலே போனது. அங்கே குங்குமம் தெரிந்தது. கை அப்படியே கன்னத்துக்குப் போனது, இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் அப்படித்தான். சாமியைப் பிடித்து யாராவது இழுப்பார்களா? பின்னால் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். முன்னால் பார்த்திருப்பார்கள் என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள். அன்று முழுக்க வரிசை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

சூப்பர்வைசர் ஜெயசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. வரிசை நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி முழங்கால் தேய்ந்த மனிதர். வாசலில் ஒரு பலகை மாட்டி, 'நிற்காத நாட்கள்' என்று எழுதி, கீழே ஒன்று என்று போட்டார். மாலை காய்ந்தபோது பிளாஸ்டிக் மாலை வாங்கிக் கட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமை தோறும் ஊதுபத்தி ஏற்றினார்கள். கற்பூரமும் ஏற்றியிருப்பார்கள், தீயணைப்பு அதிகாரி விடவில்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஐம்பது, எழுபது, தொண்ணூறு.

பெயர் நாளுக்கு நாள் பெருத்தது. கயிறு மெலிந்தது.

"பூமாலை அரிக்குது. யாராச்சும் இழுத்தாத் தேவலை," என்றது கயிறு.

"ஏன் இப்படி அல்பமா இருக்க? உன்னை இழுக்கலைன்னா தப்பு நடக்கலைன்னு அர்த்தம். இதைவிட நமக்கு என்ன பெருமை வேணும்?"

"தப்பு நடக்கலைன்னா எனக்கும் சந்தோசம்தான். ஆனா நான் மேல இருந்து பாக்கறேன் தம்பி. எல்லாந் தெரியுது."

"தெரிஞ்சா கண்ணை மூடிக்க," என்று சொல்லிவிட்டுப் பெயர் ஊர் சுற்றப் போய்விட்டது.

கயிற்றால் அதுவும் முடியவில்லை. தன்னைத் தானே இழுத்துக்கொள்ளவும் அதற்குக் கை இல்லை. கீழே பிதுங்கிய ரப்பரும் தளர்ந்த திருகாணியுமாகக் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. சின்னச் சின்னதுதான். பெரிதாக ஒன்று வரும் நாளில் என்ன செய்வது என்ற பயம் அதைத் தின்றது.

நூறாவது நாளுக்கு ஜப்பானிலிருந்து தகேமுரா என்கிற கம்பெனிப் பெரியவர் வருவதாக ஏற்பாடு. வாசலில் தோரணம், மேடை, கேசரி. பலகைக்கு மேலே பட்டுத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். மாலை நாலு மணிக்குத் துணியை விலக்க வேண்டும். பெயர் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டது.

இரண்டரை மணிக்கு மாசிலாமணி முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்தது. முன்பக்க இடது டயரைத் தூக்கியவர் அப்படியே நின்றார். பிரேக் குழாயை இணைக்கும் நட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். இதில் கோடு இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தார். நட்டு சுற்றியது. அதை முறுக்கும் ஸ்பேனர் அவரிடம் இல்லை, நாலு ஆள் தள்ளி இருந்தது. கார் நகர்ந்துகொண்டிருந்தது. டயரை மாட்டிவிட்டால் அந்த நட்டு யார் கண்ணுக்கும் தெரியாது.

பெயர் பதறிப்போய் ஓடி வந்தது. "மாசிலாமணி, இன்னும் ஒன்னரை மணி நேரம்தான். ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் பின்னாடி அனுப்பிடு."

"பின்னாடி யாரு பாக்கறாங்க?"

"யாராச்சும் பாப்பாங்க. என்னை நம்பி எத்தனை பேரு வண்டி வாங்கறாங்க தெரியுமா? இன்னிக்குப் போயி என்னைக் கெடுத்துடாத."

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். பொட்டும் மாலையுமாகக் கயிறு தொங்கியது. அவர் வைத்த பொட்டு, அவர் தொடங்கிய வழக்கம். கை பாதி வரை போய் நின்றது. காலில் ஷூ இருந்தது ஞாபகம் வந்து குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். இரும்பு மூக்கு வைத்த கனத்த ஷூ. லேஸில் இரட்டை முடிச்சு வேறு. கார் ஒரு முழம் நகர்ந்துவிட்டது.

கயிறு தன் வாழ்நாளில் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தியது. "மாசிலாமணி, ஷூவோட இழு."

"நேத்து ஞாயித்துக்கெழம. கறி வேற தின்னுருக்கேன்."

"பரவால்ல. இழுய்யா."

மாசிலாமணி எழுந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். மாலை அறுந்து தரையெல்லாம் பிளாஸ்டிக் பூ. மஞ்சள் விளக்கு எரிந்தது. வரிசை நின்றால் பாடும் ஜப்பானியக் குழந்தைப் பாட்டு பாடியது. சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் யாருடைய போனோ என்று பையைத் தடவிப் பார்த்தார்கள். அவர்கள் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை.

ஜெயசீலன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏன்யா, நூறு நாள் பொறுத்தவன் இன்னிக்கு ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

மாசிலாமணி காருக்குப் பக்கத்தில் குனிந்தார். அந்த நட்டை ஒரு விரலால் சுற்றிக் காட்டினார். அது கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஜெயசீலனின் முகம் வெளுத்துவிட்டது.

பின்னாலேயே தகேமுரா வந்தார். மேடையைத் தாண்டி, கேசரியைத் தாண்டி, நேரே மாசிலாமணியிடம் வந்து இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நன்றி என்று தமிழில் சொல்ல முயன்றார், அது எப்படியோ வந்தது. அதற்கப்புறம்தான் என்ன என்று கேட்டார். நட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கயிற்றின் பொட்டுகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். அவருக்கு விவரம் சொன்னார்கள். அவர் கோபப்படவில்லை. ஒரு துணி கேட்டு வாங்கினார். எழுபது வயது மனிதர் ஏணியில் ஏறிக் கயிற்றைத் துடைக்க, கீழே எல்லோரும் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நட்டை முறுக்கி, மஞ்சள் கோடு போட்டு, வரிசையை ஓடவிட்டார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, மறுபடியும் பாட்டு. செந்தாமரை இழுத்திருந்தாள். கதவு ரப்பர். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் ஸ்டியரிங் மாட்டுகிறவர் இழுத்தார். பிறகு சீட்டு மாட்டுகிறவர். பிறகு மறுபடியும் செந்தாமரை. பதினெட்டாவது தடவையில் ஜெயசீலன் ஓட முடியாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஷிப்டு முடியும் சங்கு ஊதியபோது நாற்பத்தொன்று ஆகியிருந்தது. பலகையின் துணியை யாரும் விலக்கவில்லை. கேசரியை மட்டும் சாப்பிட்டார்கள்.

முதல் இழுப்பில் பெயருக்கு அழுகை வந்தது. பத்தாவது இழுப்பில் கோபம் வந்தது. முப்பதுக்கு மேல் அது எண்ணிக்கொண்டு மட்டும் நின்றது. எல்லோரும் பஸ் ஏறப் போனபின் கயிற்றுக்குக் கீழே வந்து நின்றது.

"அண்ணே, இந்த நாப்பத்தொன்னும் இன்னிக்குத்தான் வந்ததா?"

கயிற்றுக்கு உடம்பெல்லாம் வலித்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த நல்ல வலி. தம்பியிடம் பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை.

"போன வாரமும் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும் இருந்துச்சு," என்றது.

அந்த நூறு நாளில் வெளியே போன கார்கள் எல்லாவற்றையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று தகேமுரா சொல்லியிருந்தார். கடிதங்கள் மறுநாள் காலையில்தான் கிளம்பும்.

பெயர் மெதுவாக நடந்து நெடுஞ்சாலையோரம் போய் நின்றது. இத்தனை காலமும் வண்டி வாங்கியவர்களின் பேச்சைத்தான் அது கேட்டிருக்கிறது. வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அப்போது தன்னை முகப்பில் ஒட்டிக்கொண்டு ஒரு புத்தம் புதுக் கார் வேகமாக வந்தது. ஓட்டுகிறவர் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு குழந்தை ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெளியே பார்த்தது. சற்றுத் தூரத்தில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையின் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

பெயர் கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாமி கும்பிட்டது.