எதிர்ப்பக்கம் வீசிய கொட்டை

அணில் பின்னங்கால்களை உதைத்துப் பார்த்தது. ஓர் அங்குலம்கூட நகர முடியவில்லை. வாலைச் சுழற்றியது; உடம்புதான் மறுபக்கமாகச் சுழன்றது.

பூமியைச் சுற்றிவந்த விண்கலத்தின் அறையில், எந்தச் சுவரும் எட்டாத நட்டநடுவில் அது மிதந்துகொண்டிருந்தது. ஒரு சுவரில் அதன் பஞ்சுப் பெட்டி இருந்தது. எதிர்ச் சுவரில் நத்தை ஒட்டிக்கொண்டிருந்தது. எடையே இல்லாத இடத்தில் எதையாவது பற்றிக்கொண்டு கிடப்பவன் முட்டாள் என்று நத்தையைக் கேலி செய்துவிட்டுத்தான் அணில் பெட்டியை விட்டு மெல்ல மிதந்து வந்தது. பாதி வழியில் அந்த வேகமும் ஓய்ந்துவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. கலம் பூமிக்கு இறங்கப் போகிறது. சற்று நேரத்தில் எடை திரும்பிவிடும். பல மடங்காகத் திரும்பும். பெட்டிக்குள் போகாவிட்டால் அணில் இரும்பில் மோதிச் சாகும்.

"நத்தையாரே, என்னைப் பிடித்துத் தள்ளிவிடும்."

காற்றில் ஊரத் தனக்குத் தெரியாது என்றது நத்தை. பிறகு அணிலின் முன்னங்கால்களில் இருந்த கொட்டையைப் பார்த்தது.

"அந்த வாதாங்கொட்டையை என் பக்கம் வீசு. பலமாக வீசு."

அணில் கொட்டையை மார்போடு அணைத்துக்கொண்டது. ஊரிலிருந்து கொண்டுவந்ததில் கடைசிக் கொட்டை அது. நத்தை முன்பே அதில் ஒரு கடி கேட்டிருந்தது. உமக்குப் பல் எங்கே இருக்கிறது என்று சொல்லி அணில் கொடுக்கவில்லை.

"சாகப் போகிறவனிடம்கூடப் பிடுங்கப் பார்க்கிறீரே!"

"நேற்று என்மேல் கொட்டையின் ஓட்டுத் துண்டை எறிந்தாயே, அப்போது நீ எங்கே போனாய்?"

அணிலுக்கு ஞாபகம் வந்தது. எறிந்த வேகத்தில் அணில்தான் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. நத்தை வெகுநேரம் சிரித்தது.

விளக்கு படபடவென்று மினுக்கியது. முதுகு பெட்டியின் பக்கம் திரும்பும்வரை அணில் வாலைச் சுழற்றியது. கண்ணை மூடிக்கொண்டு, கொட்டையை நத்தையின் பக்கம் பலமாக வீசியது.

கொட்டை அந்தப் பக்கம் போயிற்று. அணில் இந்தப் பக்கம் நகர்ந்தது. முதுகில் பஞ்சு பட்டது.

அது உள்ளே சுருண்டதும் கலம் அதிர்ந்தது. எடை ஒரு பாறையைப் போல வந்து மேலே உட்கார்ந்தது. அத்தனை சுகமான பாரத்தை அணில் அதுவரை அறிந்ததில்லை.

கதவு திறந்தபோது புல் வாசனை வந்தது. நத்தையின் பசையில் கொட்டை ஒட்டியிருந்தது.

யோசனை சொன்னவனுக்கு என்ன ஆதாயம் என்று பார்த்துக்கொண்டிருப்பவன் தன் உயிர் தப்பும் வழியைத் தவறவிடுவான்.

அணில் கொட்டையை உடைத்தது. ஒரு பாதியைக் கடித்துப் பொடியாக்கி, நத்தையின் முன்னால் வைத்துவிட்டு, அடுத்த மரத்துக்கு ஓடியது.