ஏழு அடுப்பும் ஒரு நெருப்பும்

மலையடிவாரத்தில் ஒரு விறகுக்கடை. கடை நடத்துகிறவர் மயிலாத்தா. விறகு வாங்க வருகிறவர்கள், தராசு ஆடி நிற்பதற்குள், மனசில் கிடக்கிற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். அவரும் கட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டே ஏதோ சொல்வார். வீட்டுக்குப் போய் அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் அது உறைக்கும். அப்படியே ஊர் அவரைக் குரு என்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வியாபாரம் பாட்டுக்கு நடந்தது.

சீடர் என்று இருந்தது ஒரே ஒருவர். சென்னியப்பன். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். காலமெல்லாம் தறியில் உட்கார்ந்து போர்வை நெய்தவர். பிள்ளைகள் தலையெடுத்ததும் தறியை அவர்களிடம் விட்டுவிட்டு, ஒரு துணிப்பையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"எனக்கு உபதேசம் வேணுங்கம்மா."

"மொதல்ல அந்தக் கட்டையை அடுக்குங்க."

அடுக்கினார். மறுநாளும் கேட்டார். மறுநாளும் கட்டைதான். ஆனாலும் மனுஷன் கேட்பதை விடவில்லை.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரார் விறகு சொல்லிவிட்டுப் போனார்கள். தேர்ச் சோறு. தேரன்றைக்கு ஊர் முழுக்கக் கோயிலில்தான் சாப்பாடு. மயிலாத்தா ஆட்களோடு மலைக்கு மரம் வெட்டப் புறப்படுகிற நேரம். சென்னியப்பனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பச்சை வேலங்கட்டை பூராவையும் காய வெக்கறது உங்க பொறுப்பு. தேர்ச் சோறு இதுலதான் வேகோணும். வெந்து எறங்கட்டும், அன்னிக்கே உபதேசம் பேசலாம்."

சென்னியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நெசமாங்கம்மா?"

"கட்டைக்குக் காத்து வேணும். மறந்துடாதீங்க."

அவ்வளவுதான். கிளம்பிவிட்டார்.

சென்னியப்பன் அடுக்க உட்கார்ந்தார் பாருங்கள், அப்படி ஒரு அடுக்கை அந்தப் பக்கம் யாரும் கண்டதில்லை! தறிக்காரர் கை அல்லவா? ஒரு இழை விட்டாலும் துணி குற்றம் என்று பழகின கை. பெரிய கட்டைக்கு நடுவில் சின்னக் கட்டை, சின்னதுக்கு நடுவில் குச்சி, குச்சிக்கும் இடம் இல்லாத சந்தில் சிராய். குண்டூசி நுழையாது. அதுக்கு மேல் மழைக்குப் பயந்து தார்ப்பாயைத் தலையிலிருந்து தரைவரை இழுத்துப் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்து அழுத்திவிட்டார். தினமும் சாயங்காலம் பாயைக் கொஞ்சமாகத் தூக்கி, வெளிக்கட்டையைத் தட்டிப் பார்ப்பார். காய்ந்த கட்டை மாதிரி ணங் என்று கேட்கும். கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

சமையல்காரர் பொங்கியண்ணனிடம் போய்ச் சொல்லியும் வைத்தார். "எங்க வெறகு ஊதாமயே எரியும் பாருங்க. ஊதுகொழலை வூட்டுலயே வெச்சுட்டு வாங்க!"

தேரன்றைக்கு விடிந்தது. கோயிலுக்குப் பின்னால் மண்ணை வெட்டி ஏழு கோட்டை அடுப்பு. ஒவ்வொன்றிலும் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போல அண்டா. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் அன்று தேர் நிலைக்கு வந்த பிறகு இந்தச் சோற்றில்தான் வாய் நனைப்பார்கள். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. கொடியேற்றிய நாளிலிருந்து ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிற ஜனம், தேரோடு வெயிலில் வந்துகொண்டிருந்தது.

பொங்கியண்ணன் சூடத்தைப் பற்றவைத்து ஏழு அடுப்பிலும் போட்டார். "தாயே மகமாயி!"

புகைந்தது.

சரி, முதலில் கொஞ்சம் புகையத்தான் செய்யும் என்று நின்றார்கள். இன்னும் புகைந்தது. கட்டை முனையில் நுரை கட்டிக்கொண்டு சொய்ங் என்று தண்ணீர் வடிந்தது. கோயில் பின்புறமே இருட்டிப் போச்சு. காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள்.

பொங்கியண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினார். "என்னங்க இது? வெறகா, வாழைத்தண்டா?"

சென்னியப்பன் ஓடிப்போய் வண்டியில் மிச்சமிருந்த கட்டையைப் புரட்டினார். வெளியில் இருந்தது நன்றாகத்தான் காய்ந்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வெட்டின அன்றைக்கு இருந்த மாதிரியே பச்சை. பட்டைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஏற்றின அவசரத்தில் காய்ந்ததும் பச்சையும் ஒன்றாகக் கலந்து வேறு கிடந்தது.

"சீமெண்ணெய் ஊத்துங்கப்பா!" என்றார் ஒருவர்.

"அம்மனுக்குப் படைக்கற சோத்துக்கா? வெட்கமா இல்ல?" என்று பாய்ந்தார் பொங்கியண்ணன்.

தூரத்தில் தேர் மேளம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் சென்னியப்பன் நெஞ்சு குலுங்கியது. உபதேசம் எங்கே போச்சு, மானம் எங்கே போச்சு! அதைவிட, விரதக்காரர்கள் வந்து நின்றால் அவர்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது? அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்நேரம்தான் மயிலாத்தா வந்தார். மலையிலிருந்து நேராக, தலையில் கட்டின துண்டோடு. புகையைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். சென்னியப்பனைப் பார்க்கவே இல்லை.

"ஆறு அடுப்பை அணைங்க."

பொங்கியண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மணி, ஏழும் எரிஞ்சாலே நேரம் பத்தாது. ஆறை அணைச்சா?"

"ஏழுல எது எரியுது, சொல்லுங்க?"

அணைத்தார்கள்.

மயிலாத்தா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினார். தொப். அந்தப் பக்கம் எறிந்தார். இன்னும் இரண்டு. ணங். இந்தப் பக்கம் வைத்தார்.

"எல்லாரும் வாங்க! ணங்குன்னா இங்க. தொப்புன்னா அங்க."

அவ்வளவுதான், கூட்டமே இறங்கிவிட்டது! காய் நறுக்கின பெண்கள், இலை அறுக்க வந்தவர்கள், பந்தல்காரர்கள், எல்லார் கையிலும் இரண்டு கட்டை. ணங், தொப், தொப், ணங். அங்கே தேர் மேளம், இங்கே கட்டை மேளம். யாரோ சிரித்துவிட்டார்கள். அழுகிற மாதிரி இருந்த பொங்கியண்ணனும் சிரித்துவிட்டார்.

காய்ந்தது கொஞ்சம்தான் தேறியது. மயிலாத்தா அத்தனையையும் ஒரே அடுப்பில் வைத்தார். கட்டைக்குக் கட்டை சந்து விட்டு வைத்தார். சூடத்தைப் பற்றவைத்துப் போட்டார்.

பிடித்தது! புகையே இல்லாமல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. "மகமாயி!" என்று பெண்கள் குலவை போட்டார்கள்.

"கோடாலி எங்கீங்க? சென்னியப்பண்ணா, எந்திரிங்க!" என்றார் மயிலாத்தா.

சென்னியப்பன் எழுந்தார்.

"பச்சையைச் சன்னமாப் பொளங்க. வெரல் கனத்துக்குப் பொளங்க."

பிளந்தார். ஆவேசம் வந்தவர் மாதிரி பிளந்தார். பிளக்கப் பிளக்க மயிலாத்தா அதை வாங்கி, எரிகிற அடுப்பைச் சுற்றி, நெருப்பைப் பார்த்தபடி சாய்த்து வைத்துக்கொண்டே போனார். பச்சைச் சிராயிலிருந்து ஆவி பறந்தது. கொஞ்ச நேரத்தில் ஈர மினுக்கம் போய் நிறம் வெளுத்தது. நுனி லேசாகக் கருகியது.

ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "ரெண்டாவது அடுப்பு!"

ரெண்டாவது எரிந்தது. அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம் பச்சை சாய்ந்தது. அப்புறம் மூணாவது. "அரிசியைக் கொட்டுங்கடா!" என்று பொங்கியண்ணன் துள்ளினார். நாலாவது எரிந்தபோது தேர் கடைவீதியில் திரும்பிவிட்டது. ஐந்தாவதில் சாம்பார் கொதித்தது. ஏழாவதில் பாயசம் ஏறினபோது மேளம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. சென்னியப்பன் கை நிற்கவே இல்லை. உள்ளங்கை கொப்பளித்து ரத்தம் வந்தது. அவர் கவனிக்கவில்லை.

தேர் நிலைக்கு வந்தது. சோறு இறங்கியது!

பாயசம் மட்டும் கொஞ்சம் தாமதம். ரசத்தில் புகை வாசம் அடிக்கிறதென்று ஒருவர் சொன்னார். சொன்னவர்தான் மூன்று தடவை வாங்கிக் குடித்தார். விரதக்காரர்கள் முதல் கவளத்தை வாயில் வைத்ததைச் சென்னியப்பன் தூணோரம் நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. புகை போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

பந்தி முடிந்தது. மயிலாத்தா தொட்டிப் பக்கம் உட்கார்ந்து முகத்தில் இருந்த கரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் தன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"காத்து வேணும்னு சொல்லிட்டுத்தான் போனீங்க. என் காதுல ஏறலீங்கம்மா."

"ம்."

"அடுக்கு அழகா இருக்குதுன்னு போறவங்க வர்றவங்க சொல்லச் சொல்ல எனக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சுங்க."

"ஆமா. நானும் வர்ற வழியில கடையில மிச்சமிருந்த அடுக்கைப் பாத்தனுங்க. அழகாத்தான் இருந்துச்சு."

சென்னியப்பன் குனிந்துகொண்டார்.

"சோறு வெந்துது. ஆனா அது என்னால வேகலீங்க. உபதேசம் கேக்கற வாய் எனக்கில்லை."

மயிலாத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பை எதுக்குங்க?"

"போறனுங்கம்மா. உள்ளுக்குள்ள இன்னும் பச்சையாவே கெடக்கறனுங்க. உங்க பக்கத்துல பொகைஞ்சுக்கிட்டு இங்க இருக்கக் கூடாது. எங்கியாச்சும் ஒரு மூலையில தனியாக் கெடந்து, காஞ்சு, தகுதியோட வந்து உங்க முன்னால உக்கார்றனுங்க."

சொல்லிவிட்டுக் கும்பிட்டார்.

மயிலாத்தா எழுந்து, அவர் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்கு எந்தக் கட்டை நெருப்பை விட்டுத் தள்ளிப் போயிக் காஞ்சுது?"